விண்ணப்பம் கொடுக்க முன் வான் வண்டியின் கணக்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முன் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கழகத்தின் படம் வந்திருந்தது. சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடைக்காரர் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி, கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறார். வடைத் தட்டுக்கு மேலே பிள்ளைகளின் முகங்கள் தெரிகின்றன. தொடர்ந்து இரண்டு வருடம் கிண்ணம் எடுத்த இந்த உதைபந்தாட்ட அணி, இப்போதைய முல்லைத்தீவுப் பக்க லீக்கை விட்டு, ஆனையிறவுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணப் பக்கத்தில் உள்ள பெரிய லீக்கில் சேரப்போகிறதா என்று படத்துக்குக் கீழே கேட்டிருந்தீர்கள். பதில் இன்னும் முடிவாகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில்தான் கை உயர்த்தப் போகிறோம். அதற்கு முன் இந்தக் கடிதத்தைப் போட்டுதவினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நான் கழகத்தில் எந்தப் பதவியிலும் இல்லை. 2013 முதல் பிள்ளைகளை விளையாட்டுக்கு ஏற்றி இறக்கும் ஹயஸ் வான் என்னுடையது. கூட்டத்தில் எழும்பிப் பேசலாமே என்று கேட்பீர்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் லீக் மாறினால் காசு தருவதாகச் சொன்ன உறவுகள் கனடாவிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். அவர்களால் கூட்டத்துக்கு வர முடியாது. உங்கள் பத்திரிகையை இணையத்தில் தினமும் வாசிப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகளின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. அணித் தலைவன் மேசன் வேலை செய்பவன், வயது 24. போன மாதம் ஒரு ஆட்டம் முடிந்து வரும்போது முன் சீற்றில் என்னோடு இருந்தான். ஏழுக்குப் பூச்சியம் என்று வென்ற ஆட்டம். முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை. என்னடா என்று கேட்டேன். "எங்களைவிடக் கெட்டிக்காரரோட விளையாடினாத்தானே மாமா நாங்கள் வளரலாம்? இண்டைக்கு எங்கட கோலிக்குப் பந்தே வரேல்லை" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவனுடைய காலில் இந்த வேகம் இன்னும் ஐந்தாறு வருடத்துக்குத்தான் இருக்கும். அதற்குள் நல்ல புல்லுத் தரையில், நல்ல எதிரணியோடு, தெரிவுக்கு வருகிறவர்களின் கண்ணில் படும்படி விளையாட வேண்டும் என்று அவன் நினைப்பதில் என்ன பிழை?

ஆகவே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வருடம், இந்த அவசரத்தில், இப்போது பேசப்படுகிற விதத்தில் போகக் கூடாது என்கிறேன்.

கடந்த ஆவணியில் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு நொக்கவுட் சுற்றுப்போட்டிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்திக்கு வந்து, ஏ9 வீதியில் திரும்பி, ஆனையிறவு தாண்டிப் போய்ச் சேர ஒரு வழி 75 கிலோமீற்றருக்கு மேல். பின்னேர ஆட்டம் என்றாலும் மத்தியானம் சாப்பிடாமலே வெளிக்கிட வேண்டும். கோல் காப்பவன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன், நாட்கூலி. அரை நாள் போச்சு. வலது பக்கம் ஓடுகிறவன் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு சனிக்கிழமை நிற்காவிட்டால் அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவு இல்லை. கழகத்தின் கணக்குக் கொப்பியில் இதெல்லாம் ஏறுவதில்லை.

அன்றைக்கு நன்றாகத்தான் விளையாடினார்கள். மின்னொளியில் நடந்த அரையிறுதியில் தண்ட உதையில் தோற்றோம். எதிரணிப் பயிற்றுவிப்பாளர் வந்து எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். இடது பின்வரிசைப் பொடியனுக்குக் கால் பிரண்டுவிட்டது. கட்டுப் போட்டு, சாப்பாடு எடுத்துக் கொடுத்து, அங்கிருந்து வெளிக்கிட பத்து மணி கடந்துவிட்டது.

முரசுமோட்டை கழிந்து தருமபுரத்துக்குக் கிட்ட வரும்போது தார் ரோட்டில் மாடுகள் படுத்திருந்தன. பகல் வெயிலின் சூடு இரவிலும் தாரில் இருக்கும், அதற்காக வந்து படுப்பவை. கறுப்பு மாடு என்றால் கண் மின்னும்வரைக்கும் லைற் வெளிச்சத்தில் தெரியாது. நான் பிரேக்கை அழுத்தியபோது பின்னால் ஒருவரும் விழிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பதினான்கு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நல்ல உறக்கம். கால் பிரண்டவனின் காலைப் பக்கத்தில் இருந்தவன் தன் மடியில் தூக்கி வைத்தபடியே உறங்கியிருந்தான். ஐஸ் வைத்திருந்த பை உருகி அவனுடைய காற்சட்டை முழுக்க ஈரம். அது அவனுக்குத் தெரியவும் இல்லை. மாடுகள் எழும்பிப் போகும்வரைக்கும் லைற்றைத் தணித்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஊருக்கு வர பன்னிரண்டரை. மூன்று வீட்டுப் படலையில் தாய்மார் ரோச் லைற்றோடு நின்றார்கள்.

அது ஒரு நாள். லீக் என்றால் பருவத்துக்குக் குறைந்தது பத்து நாள்.

எங்கள் நிர்வாகத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள், ஆனால் ஓட்டத்தின் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. ஆளும் சாமானும் ஏற்றினால் என் வான் ஒரு லீற்றர் டீசலில் 9 கிலோமீற்றர் ஓடும். இப்போது முல்லைத்தீவுப் பக்கம் போய்வர 7 லீற்றர் போதும். அந்தப் பக்கம் என்றால் 17 லீற்றர். பத்து ஆட்டத்துக்கு 70 லீற்றர் எங்கே, 170 லீற்றர் எங்கே. என் கூலியை விட்டுவிடுங்கள், நான் எப்போதும் அரைக் கூலிதான் எடுத்தேன், இனியும் அப்படித்தான். ரயர் தேய்மானமும் என்னோடு போகட்டும். இன்னொன்றுதான் என்னை உறுத்துகிறது. வானில் இருப்பது 14 இருக்கை. இப்போது முல்லைத்தீவுக்குப் போகும்போது மற்றப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துவிடுவார்கள். வட்டுவாகல் பாலத்தில் எதிரே வாகனம் வந்தால் நான் ஒதுங்கி நிற்பேன், அவர்களும் எனக்குப் பின்னால் வரிசையாக நிற்பார்கள். இரவில் ஏ9 இல் 75 கிலோமீற்றர் அவர்களை அப்படிக் கூட்டிக்கொண்டு வர நான் சம்மதிக்கமாட்டேன். அப்படியென்றால் மேலதிக வீரர்கள் என்று மூன்று பேர் மட்டும். மற்றவர்கள் ஊரில்.

அந்த மற்றவர்கள் யார்? எங்கள் இரண்டாவது அணி. இப்போதைய லீக்கில் பி பிரிவில் விளையாடுகிறது. 16, 17 வயதுப் பிள்ளைகள். இப்போதைய தலைவனும் அந்த பி பிரிவில் வெறுங்காலோடு தொடங்கியவன்தான். கழகம் லீக்கை விட்டு விலகினால் இரண்டாவது அணிக்கு விளையாட இடமே இல்லை. வட்ஸ்அப் குழுவில் இது பற்றி ஒரு சொல் வரவில்லை. புது உடுப்பின் நிறம் பற்றி நாற்பது செய்தி வந்திருக்கிறது.

என் அக்காவின் மகன் அமெரிக்காவில் பிற்ஸ்பேர்க் நகரத்தில் வேலை செய்கிறான். கிழமைக்கு ஒருதடவை பேசுவான். இந்தப் பிரச்சினையைச் சொன்னேன். "மாமா, இஞ்சை முழு நாடும் இதைத்தான் கதைக்குது" என்றான். அங்கே பல்கலைக்கழகங்களின் புட்போல் பெரிய விஷயமாம். நாங்கள் விளையாடுவது இல்லை, முட்டை மாதிரியான பந்தைக் கையால் பிடித்து ஓடும் விளையாட்டு. லீக்குக்கு அவர்கள் கொன்பரன்ஸ் என்று சொல்கிறார்கள். தொலைக்காட்சிக் காசு எங்கே கூடவோ அங்கே அணிகள் மாறுகின்றன. எனக்கு விளையாட்டு விளங்கவில்லை, ஆனால் அவன் சொன்ன கதை நன்றாக விளங்கியது.

பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகமும் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகமும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி. இடையில் சுமார் 120 கிலோமீற்றர்தான், அந்த நாட்டின் அளவுக்கு அது ஒன்றுமில்லை. 1895 இல் தொடங்கிய போட்டி. அதற்கு அவர்கள் வைத்த பெயரை எங்கள் தமிழில் சொன்னால் கோடிப்புறச் சண்டை, அதாவது வீட்டுப் பின்வளவுச் சண்டை. 2012 இல் மேற்கு வேர்ஜீனியா வேறொரு பெரிய கொன்பரன்சுக்குப் போனது. அங்கே அதற்கு வாய்த்த எதிரணிகள் அயோவா, கான்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ் என்று தூரத்து மாநிலங்கள். அந்த நேரம் மிகக் கிட்டிய எதிரணியே ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால். அடுத்த வருடம் பிற்ஸ்பேர்க்கும் இன்னொரு கொன்பரன்சுக்குப் போய்விட்டது. கோடிப்புறச் சண்டை 2011 க்குப் பிறகு பத்து வருடம் நடக்கவே இல்லை. 2022 செப்டெம்பரில் மறுபடி வைத்தபோது 70,000 பேருக்கு மேல் மைதானத்தில். மருமகனும் போனான். பக்கத்து இருக்கையில் ஒரு வயதானவர், பேரனுக்கு இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டு, பந்து தொடங்க முன்பே கண் கலங்கினாராம். பிற்ஸ்பேர்க் 38க்கு 31 என்று வென்றது.

இதைக் கேட்டபோது எனக்குப் பக்கத்து ஊர்க் கழகம்தான் ஞாபகம் வந்தது. நாங்களும் அவர்களும் செட்டிக்குளம் முகாமில் ஒரே வரிசைக் கூடாரங்களில் இருந்தவர்கள். மீள்குடியேறி வந்த புதிதில் எங்கள் மைதானத்தின் தெற்கு ஓரத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நின்றது. மிதிவெடி எடுத்து, பலகை கழற்றிய பிறகுதான் பற்றை வெட்டினோம். பாலைத் தடி நட்டுக் கோல் கம்பம் செய்தோம். முதல் ஆட்டம் அவர்களோடு. ஒரு பக்கம் சேர்ட் போட்டவர்கள், மறு பக்கம் சேர்ட் கழற்றியவர்கள். பந்து அவர்களுடையது. ஆட்டம் முடியப் பந்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள், அடுத்த கிழமையும் வரத்தானே போகிறோம் என்று.

2022 இல் டீசல் 460 ரூபாய்க்கு ஏறியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. என் வான் பெற்றோல் செட் வரிசையில் நான்கு நாள் நின்றது, நானும் உள்ளேயே படுத்தேன். அந்த மாதம் நாங்கள் விளையாடிய ஒரே ஆட்டம் பக்கத்து ஊரில், சைக்கிளில் போய். கோல் காப்பவன் பந்தை வலைப் பையில் போட்டு ஹாண்டிலில் கொழுவியிருந்தான். சப்பாத்துகளை நாடாவால் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு, கரியரில் ஒருவரை ஒருவர் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரிசையில் நின்ற வானுக்குள்ளிருந்து அதைப் பார்த்தேன். ஒருவன் கை காட்டினான். அங்கே போனபோது அந்த ஊர்ப் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு வைத்திருந்தார்களாம். இரண்டு அணிக்கும் ஒரே பானை. லீக் கிட்ட இருந்ததால் நடந்த ஆட்டம் அது.

நாங்கள் போனால் அவர்களும் போக நினைப்பார்கள். அவர்களும் நல்ல அணிதான். பிறகு மிச்சக் கழகங்களின் நிலை என்ன? அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1915 இல் தொடங்கிய ஒரு கொன்பரன்ஸ், 12 அணி இருந்தது. 2024 இல் பத்து அணி வெளியேறிவிட்டன. ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் மட்டும் அப்போது மிஞ்சின. இரண்டே அணி. அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை, மற்றவர்கள் எழும்பிப் போனபோது இருந்த இடத்தில் இருந்தார்கள். எங்கள் லீக்கில் கரையோரக் கிராமத்துக் கழகம் ஒன்று இருக்கிறது. கடல் நல்லாயிருந்தால் எட்டுப் பேரோடுதான் வந்து நிற்கும். அந்தக் கழகத்தை நினைக்கிறேன்.

இனிக் காசு விஷயம். ஒரு பருவத்துக்கு வான் செலவு, உடுப்பு, சப்பாத்து, பந்து எல்லாம் தருவதாக வெளியில் உள்ள உறவுகள் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனசை நான் குறைத்துப் பேசவில்லை. இன்று எங்கள் மைதானத்தில் தண்ணீர்க் குழாய் இருப்பது அவர்களால்தான். ஆனால் ஒரு பருவத்துக்குப் பிறகு? மருமகன் இன்னொரு கதை சொன்னான். டெக்சாசில் டலஸ் நகரத்துச் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், 2024 இல் அத்லாந்திக் கரைக் கொன்பரன்சில் சேர்ந்தது. சேரும் விலையாக ஒன்பது வருடத்துக்குத் தொலைக்காட்சிக் காசில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததாம். முதல் வருடமே தேசிய அளவில் 12 அணி மட்டும் விளையாடும் கடைசிச் சுற்றுக்குப் போய்விட்டார்கள். பார்த்தீர்களா, துணிந்தவர்கள் வென்றார்கள் என்று எங்கள் பொருளாளர் சொல்லக் கூடும். உண்மைதான். அவர்களுக்குப் பின்னால் பெரும் பணக்காரப் பழைய மாணவர்கள் நின்றார்கள். எங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் இரண்டு வேலை செய்து, வீட்டுக் கடன் கட்டி, ஊருக்கும் அனுப்புகிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு வேலை போனால் இங்கே வான் ஓடாது. அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் வைக்க எனக்கு மனமில்லை.

அதனால் வெளியில் உள்ள உறவுகளிடம் நான் கேட்பது இதுதான். உடுப்பை விடுங்கள். மூன்று பருவத்துக்கான போக்குவரத்துச் செலவையும், நாட்கூலிப் பிள்ளைகள் இழக்கிற சம்பளத்தையும் கணக்குப் போட்டு, கழகத்தின் பெயரில் வங்கியில் நிலையான வைப்பில் இடுங்கள். அந்தக் காசு சேர்ந்த பிறகு விண்ணப்பம் கொடுப்போம். ஒரு வருடம் எடுத்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு வருடத்தில் ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் நடக்கும் அழைப்புச் சுற்றுப்போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். கச்சான் பிடுங்குகிற நாட்களையும் காலபோக அறுவடையையும் தவிர்த்து மூன்று நான்கு போட்டி தெரிவு செய்யலாம். இரவு அங்கேயே பாடசாலை மண்டபம் ஒன்றில் படுக்க ஒழுங்கு செய்துவிட்டு, விடிய வெளிக்கிட்டு வரலாம். தலைவன் கேட்ட பலமான எதிரணியும் கிடைக்கும், மாட்டு ரோட்டில் நடுச்சாமத்தில் வர வேண்டிய தேவையும் இல்லை.

நிர்வாகத்திடம் கேட்பது, விலகல் கடிதம் எழுத முன் திரும்பி வரும் வழியையும் பேசுங்கள். ஐடஹோப் பல்கலைக்கழகம் 1996 இல் மேல் மட்டத்துக்குப் போய், சரிவராமல், 2018 இல் தன் பழைய கொன்பரன்சுக்கே திரும்பி வந்தது. திரும்பியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, வாசல் திறந்திருந்ததுதான் பெரிய விஷயம். எங்களுக்கும் இப்போதைய லீக்கோடு நல்லபடியாகப் பேசி, இரண்டாவது அணியாவது பி பிரிவில் தொடர அனுமதி கேட்கலாம். அதற்கு ஓம் என்று வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பக்கத்து ஊரோடு தைப்பொங்கல் கிழமையில் வருடம் ஒரு ஆட்டம் என்று கூட்ட அறிக்கையில் எழுதிக் கையொப்பமும் போடுங்கள். வாயால் சொன்னால் இரண்டு வருடத்தில் மறந்துபோகும்.

தலைவன் இதை வாசித்தால் என்மேல் கோபப்படக் கூடும். அவனுக்கு ஒரு வருடம் என்பது பெரிய காலம். அது எனக்குத் தெரியும் தம்பி. கூட்டத்தில் உனக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். எல்லோரும் கேட்டுவிட்டு, இல்லை இந்த வருடமே போவோம் என்று கை உயர்த்தினால், முதல் ஆட்டத்துக்கு வான் கழுவி, ரயர் பார்த்து, மத்தியானத்துக்கு முன்னரே மைதானத்தடியில் நிற்கும்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, சனசமூக நிலையத்தில். இரண்டரைக்கு வான் அம்மன் கோவிலடியில் நிற்கும். தூரத்தில் இருக்கிற தாய்மார், முக்கியமாக இரண்டாவது அணிப் பிள்ளைகளின் தாய்மார், ஏறி வாருங்கள். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வான் சாரதி,
விசுவமடு.